பிரவுசரை மாற்றினாலும் லேப்டாப்பை அடையாளம் கண்டுவிட முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. லினக்ஸ் லேப்டாப் ஒன்றைப் பயன்படுத்துகிறீர்கள். குக்கிகளை அவ்வப்போது அழிக்கிறீர்கள். சில வேலைகளுக்கு வேறு பிரவுசர், சிலவற்றுக்குப் பிரைவேட் விண்டோ, சிலவற்றுக்கு விபிஎன் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். அப்படியிருந்தும், லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் நெட்வொர்க் நிரலில் இருந்த ஒரு பிழையை வைத்து, ‘நேற்று வந்த அதே லேப்டாப்தான் இன்று வேறு வேடத்தில் வந்திருக்கிறது’ என்று ஒரு வலைத்தளம் கண்டுகொள்ள முடியும் என்று படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, உண்மையென்றால் இதுவரை எடுத்த முன்னெச்சரிக்கை எல்லாம் வீணா என்பதே கேள்வி. கூடவே, லேப்டாப்பை அணைப்பதே இல்லை, மூடி வைப்பதோடு சரி என்றும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மற்ற விவரங்களைவிட அந்த ஒரு வரிதான் இந்தப் பிழைக்கு நெருக்கமானது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

நேரடிப் பதில்: ஆம், உண்மை. பாதுகாப்புப் பிழைகளுக்கான சிவிஇ என்ற பொதுப் பட்டியலில், சிவிஇ-2022-32296 என்ற எண்ணில் பதிவான பிழை அது. 2022 மே மாதத்தில் கர்னலில் திருத்தப்பட்டுவிட்டது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோஷே கோல், அமித் கிளைன், யோசி கிலாட் ஆகிய மூவர் அதைக் கண்டறிந்து, கர்னல் குழுவோடு சேர்ந்து திருத்தத்தையும் உருவாக்கி, 2023-இல் யூஸ்நிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டில் முழு விவரத்தையும் வெளியிட்டார்கள். நான் கர்னல் எழுதுகிறவன் அல்ல. நெட்வொர்க் பராமரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன். நெட்வொர்க்கில் தகவல் துண்டுகளாகப் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துவைத்து ஒவ்வொரு புலமாகப் படிப்பது என் அன்றாட வேலையாக இருந்தது. எனவே இந்தப் பிழையைக் கம்பியின் பக்கத்திலிருந்து, அதாவது எதிர்முனையில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரிகிறது என்ற கோணத்திலிருந்து விளக்குகிறேன்.

ஒரு வலைத்தளத்தோடு உங்கள் பிரவுசர் டிசிபி இணைப்பைத் தொடங்கும்போது நான்கு எண்கள் சேர்ந்து அந்த இணைப்புக்குப் பெயராகின்றன: உங்கள் ஐபி முகவரி, உங்கள் போர்ட் எண், அவர்கள் ஐபி முகவரி, அவர்கள் போர்ட் எண். அவர்கள் போர்ட் பெரும்பாலும் 443 என்று முன்பே தெரிந்தது. உங்கள் பக்கத்துப் போர்ட் எண்ணைப் பிரவுசர் தேர்ந்தெடுப்பதில்லை, கர்னல் தேர்ந்தெடுக்கிறது. லினக்ஸில் வழக்கமான அமைப்பில் அது 32768-க்கும் 60999-க்கும் இடைப்பட்ட ஓர் எண். தற்காலிகமான எண் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் எதிர்முனை சர்வருக்கு அந்த எண் தெரிந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் பதிலை எங்கே அனுப்புவது? பிரவுசரில் என்ன அமைப்பை மாற்றினாலும் மறைக்க முடியாத தகவல் அது.

அந்த எண்ணைக் கர்னல் எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் இரண்டு தேவைகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. வெளியாள் ஊகிக்கக் கூடாது. ஊகித்தால் நடுவில் போலிப் பாக்கெட்டுகளைச் செருகலாம். அதே நேரத்தில், சற்று முன் மூடிய இணைப்பின் எண்ணை உடனே மறுபடியும் எடுக்கவும் கூடாது. எடுத்தால் பழைய இணைப்பின் மிச்சத்தோடு குழம்பும். முதல் தேவைக்குக் குருட்டாம்போக்கு வேண்டும். இரண்டாவதற்கு வரிசை வேண்டும். 2011 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 6056 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதற்கு ஐந்து வழிமுறைகளைப் பட்டியலிட்டது. லினக்ஸ் நெடுங்காலம் பயன்படுத்தியது அதில் மூன்றாவது: நீங்கள் சேர விரும்பும் முகவரியை ஒரு ரகசியச் சாவியோடு சேர்த்து ஹாஷ் செய்து (அதாவது, ஊகிக்க முடியாத ஓர் எண்ணாக மாற்றும் கணக்கில் போட்டு) தொடக்க இடத்தைக் கண்டுபிடி, அதோடு, எந்த இணைப்பு ஏற்பட்டாலும் நகரும் ஒரே ஒரு பொதுக் கவுண்டரைக் கூட்டு.

பொதுக் கவுண்டர் ஒன்றே ஒன்று என்பதில் ஒரு கசிவு இருந்தது. ஒரு வலைத்தளம் உங்களை இப்போது ஒரு முறையும் ஐந்து நிமிடம் கழித்து ஒரு முறையும் இணைக்கச் செய்தால், இடையில் எண் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தே உங்கள் கணினி மற்ற இடங்களுக்கு எத்தனை இணைப்புகள் போட்டது என்று எண்ணிவிடலாம். இதைச் சுட்டிக்காட்டியபின் 2021-இல், 5.12 கர்னலில், கர்னல் நிரலாளர் எரிக் டூமாஜே அதே ஆவணத்தின் நான்காவது வழிமுறைக்கு மாற்றினார். ஒரு கவுண்டருக்குப் பதில் 256 கவுண்டர்கள். எந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து, அந்த 256 பெட்டிகளில் ஏதோ ஒன்று ஹாஷ் மூலம் தேர்வாகும். அந்தப் பெட்டியின் எண் மட்டும் நகரும். ஒரு தளம் தன் பெட்டியின் நகர்வை மட்டும்தான் பார்க்கும். மற்ற 255 பெட்டிகளில் நடப்பது அதற்குத் தெரியாது. தரப்படுத்தப்பட்ட ஆவணத்தில் இருப்பதை அப்படியே எடுத்து, தனியுரிமையை மேம்படுத்தத்தான் அதைச் செய்தார்கள். கவனக்குறைவால் வந்த பிழை என்று இதைச் சொல்லவே முடியாது. ஒரு கசிவை அடைக்கப் போன இடத்தில்தான் இரண்டாவது கசிவு பிறந்தது.

இனி அந்த இரண்டாவது கசிவைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். எந்த முகவரி எந்தப் பெட்டியில் விழும் என்பதை முடிவு செய்வது ரகசியச் சாவி. அந்தச் சாவி கணினி துவங்கியபின் ஒரு முறை உருவாகி, அணையும் வரை மாறாமல் இருந்தது. எனவே என் லேப்டாப்பில் இரண்டு குறிப்பிட்ட முகவரிகள் ஒரே பெட்டியில் விழுந்தால், ரீஸ்டார்ட் செய்யும் வரை எப்போதும் ஒரே பெட்டியில்தான் விழும். உங்கள் லேப்டாப்பில் அவை பெரும்பாலும் வேறு வேறு பெட்டிகளில் விழும். ‘எவை எவை ஒன்றாக விழுகின்றன’ என்ற அந்தப் பட்டியலே சாதனத்தின் அடையாளம். சாவியை யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, பட்டியல் போதும்.

பட்டியலை எப்படி எடுப்பது? நான் ஒரு சர்வர் வைத்திருக்கிறேன், என் பக்கத்தை நீங்கள் திறந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்ட் உங்கள் பிரவுசரை என் சர்வரின் ஒரு குறிப்பிட்ட வாசலுக்கு, அதாவது ஒரு குறிப்பிட்ட ஐபி முகவரிக்கும் போர்ட்டுக்கும், இணைக்கச் சொல்கிறது. 41200 என்ற போர்ட்டிலிருந்து வருகிறீர்கள். உடனே மறுபடியும் இணைக்கச் சொல்கிறேன், 41202. லினக்ஸ் இந்த வகை இணைப்புகளுக்கு இரண்டிரண்டாகத் தாண்டுவது வழக்கம். ஆக, இந்த வாசலின் பெட்டியை வேறு யாரும் தொடாவிட்டால் அடுத்து வருவது 41204. இப்போது உங்கள் பிரவுசரை வேறு ஓர் இடத்துக்கு ஒரு முறை தட்டச் சொல்லிவிட்டு, மீண்டும் என் வாசலுக்கு வரவைக்கிறேன். 41204 வந்தால் அந்த வேறு இடம் வேறு பெட்டி. 41206 வந்தால், நடுவில் யாரோ இதே பெட்டியைத் தொட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நான் தட்டச் சொன்ன அந்த இடம்தான். ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் காரணம் உண்டு: நிரலிலேயே பதினாறில் ஒரு முறை ஓர் எண்ணைத் தாண்டும் சிறு இரைச்சல் சேர்க்கப்பட்டிருந்தது, உங்கள் மற்ற டேப்களும் சும்மா இருப்பதில்லை. ஆகவே சந்தேகம் வந்த இடத்தை மறுபடியும் சோதிக்க வேண்டும். அவ்வளவுதான், இதில் மாயம் எதுவும் இல்லை.

இந்த முறையின் உண்மையான சாமர்த்தியம் அந்த ‘வேறு ஓர் இடம்’ எது என்பதில் இருக்கிறது. வெளியுலக முகவரி ஒன்றைத் தட்டச் சொன்னால், ஹாஷில் உங்கள் சொந்த ஐபி முகவரியும் கலப்பதால், வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறியதும் பட்டியல் மாறிவிடும். அப்படிப்பட்ட அடையாளம் எதற்கும் உதவாது. ஆராய்ச்சியாளர்கள் தேர்ந்தெடுத்தது 127-இல் தொடங்கும் முகவரிகளை. இவற்றுக்கு லூப்பேக் என்று பெயர். கணினி தன்னோடு தானே பேசுவதற்கானவை. ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கும் மேலான முகவரிகள் அந்த வரிசையில் உள்ளன. லினக்ஸ் அனைத்தையும் தன்னுடையதாகவே ஏற்கிறது. இந்த இணைப்பின் இரு முனையும் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இருப்பதால், நீங்கள் எந்த ஊரில் எந்த வைஃபையில் இருந்தாலும் ஹாஷுக்குள் போகும் எண்கள் மாறுவதில்லை. அங்கே கேட்பதற்கு எந்த நிரலும் இல்லாமல் இணைப்பு உடனே மறுக்கப்பட்டாலும் கவலையில்லை. தட்டிய கணமே பெட்டியின் கவுண்டர் நகர்ந்துவிடும். லூப்பேக்கில் நடப்பதை சர்வர் நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் அதன் அதிர்வைத் தன் வாசலுக்கு வரும் போர்ட் எண்ணில் உணர்ந்துவிடுகிறது. அடுத்த வீட்டில் மோட்டார் போட்டால் நம் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்குமே, அதுபோல.

இதை முழுமையாகச் செய்ய, முதலில் 256 பெட்டிகளுக்கும் ஒவ்வொரு பிரதிநிதி வாசல் என் சர்வரில் வேண்டும். எது எந்தப் பெட்டி என்று முன்கூட்டித் தெரியாததால் தட்டித் தட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லாப் பெட்டியும் நிரம்ப சராசரியாக 1500-க்குச் சற்று மேற்பட்ட வாசல்களை முயன்று பார்க்க வேண்டியிருக்கும். இது நான் போட்ட நிகழ்தகவுக் கணக்கு. அதன்பின் லூப்பேக் முகவரிகள் சிலவற்றைச் சோதித்து, எவை எவை ஒரே பெட்டி என்று குறித்துக்கொள்ள வேண்டும். 60 லூப்பேக் முகவரிகளை எடுத்தால் அவற்றுக்குள் 1770 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒன்றாக விழ 256-இல் ஒரு வாய்ப்பு. எனவே ஏழு ஜோடி அளவில் மோதும். எந்த ஏழு என்பதுதான் விஷயம். 1770-இலிருந்து ஏழைத் தேர்ந்தெடுக்கும் வழிகளின் எண்ணிக்கை உலகில் உள்ள சாதனங்களின் எண்ணிக்கையைவிட மிக மிக அதிகம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கி, ஒரே உபுண்டுவை நிறுவிய இரண்டு லேப்டாப்களைக்கூட இது பிரித்துக் காட்டிவிடும். ஃபான்ட் பட்டியல், திரை அளவு, கிராபிக்ஸ் கார்டு இவற்றை வைத்து அடையாளம் காணும் வழக்கமான பிரவுசர் தந்திரங்கள் தோற்றுப்போவது இப்படிப்பட்ட இரட்டைப் பிள்ளைகளிடம்தான். மொத்த வேலைக்கும் பத்து வினாடி அளவில் போதும். ஒரு செய்தியின் முதல் பத்தியைப் படிக்கும் நேரம்.

இப்போது உங்கள் முன்னெச்சரிக்கைகளுக்கு வருவோம். பிரைவேட் விண்டோ, வேறு பிரவுசர், குக்கி அழிப்பு ஆகிய மூன்றும் பிரவுசர் என்ற அடுக்கில் நடப்பவை. பெட்டிகளோ அதற்குக் கீழே கர்னலில் உள்ளன. எந்தப் பிரவுசர் கேட்டாலும் போர்ட் எண் தருவது அதே கர்னல், அதே சாவி. எனவே இந்த மூன்றும் இந்தப் பிழைக்கு எதிராக உதவியிருக்காது. நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் டாக்கர் போன்ற கன்டெய்னர்களும் அப்படியே. அவற்றுக்குத் தனி நெட்வொர்க் இருப்பதுபோல் தோன்றினாலும் கர்னல் பொதுவானது. கணினிக்குள் இன்னொரு கணினிபோல் ஓடும் மெய்நிகர் இயந்திரம் வேறு கதை: அதற்குள் ஓடுவது தனிக் கர்னல், தனிச் சாவி. அதற்கும் வெளியே இருக்கும் லேப்டாப்புக்கும் அடையாளம் பொருந்தாது.

விபிஎன் விஷயத்தில் ஒரே சொல்லில் ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. பெரும்பாலான விபிஎன்கள் உங்கள் கணினி உருவாக்கிய பாக்கெட்டை அப்படியே உறையில் போட்டு எடுத்துச் சென்று, மறுமுனையில் உறையைப் பிரித்து வெளியே விடுகின்றன. உள்ளே இருக்கும் போர்ட் எண் உங்கள் கர்னல் எழுதியது. வெளியே விடும் இடத்தில் உள்ள நேட் (பல கணினிகளை ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் வைக்கும் முகவரி மாற்றி) அந்த எண்ணை அப்படியே விட்டால் அடையாளம் கடந்துபோகும். தன் விருப்பப்படி வேறு எண் எழுதினால் தொடர்பு அறுந்துவிடும். வீட்டு ரவுட்டர்களிலும் இதே பிரிவு உண்டு. நான் பார்த்தவரை, சாதாரண வீட்டு ரவுட்டர்களில் பல, அந்த எண் காலியாக இருக்கும் வரை உள்ளே வந்த எண்ணையே வெளியே அனுப்பின. ஆயிரக்கணக்கானோரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் சேவை நிறுவனங்களின் பெரிய நேட் கருவிகள் பெரும்பாலும் மாற்றி எழுதின. புதிய ஐபி முகவரி முறையான ஐபிவி6-இல் பொதுவாக நேட்டே இல்லை. எண் நேராகப் போய்ச் சேரும். ஆகவே ‘விபிஎன் காப்பாற்றும்’ என்பதும் தவறு, ‘விபிஎன் பயனற்றது’ என்பதும் தவறு. எந்த விபிஎன், வெளிமுனையில் என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தது. இணைப்பைப் பல கணினிகள் வழியாகக் கைமாற்றி அனுப்பும் டோர் மட்டும் தெளிவான விதிவிலக்கு. அதில் உங்கள் டிசிபி இணைப்பு டோர் வலையின் முதல் கணினியோடு முடிந்துவிடுகிறது. வலைத்தளத்தோடு புதிதாக இணைப்பு ஏற்படுத்துவது கடைசிக் கணினி. தளம் பார்ப்பது அந்தக் கடைசிக் கணினியின் போர்ட் எண்ணை. உங்களுக்குப் பதிலாகத் தாமே தளத்தோடு இணையும் ப்ராக்ஸி சர்வர்களும் இதே காரணத்தால் தடுக்கும்.

திருத்தத்தில் கர்னல் குழு ஒரே ஆணியை அடித்துவிட்டு நிறுத்தவில்லை. வில்லி டாரோவும் எரிக் டூமாஜேயும் எழுதிய மாற்றங்களில் முக்கியமானவை நான்கு. 256 பெட்டிகள் 65,536 ஆயின. ஒன்றுக்கு நான்கு பைட் என்ற கணக்கில் ஒரு கிலோபைட்டாக இருந்த அட்டவணை 256 கிலோபைட் ஆனது. லேப்டாப்புக்கு இது ஒன்றுமில்லை, சிறிய ரவுட்டர்களுக்குச் சற்று உறுத்தும். ஹாஷின் 64 பிட்களையும் பயன்படுத்தியதால், எந்தப் பெட்டி என்பதும் எந்தத் தொடக்க எண் என்பதும் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகிக்க முடியாதபடி பிரிந்தன. ஒவ்வொரு முறையும் கவுண்டர் பூச்சியம் முதல் ஏழு படிகள் வரை கூடுதலாகத் தாண்டும்படி இரைச்சல் சேர்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஹாஷுக்குள் போகும் ரகசியத்தில் நேரத்தையும் கலந்து, பத்து வினாடிக்கு ஒரு முறை பெட்டிப் பங்கீடே மாறும்படி செய்தார்கள்.

என் கருத்தில் நோயின் வேரைத் தொட்டது இந்தக் கடைசி மாற்றம்தான். மற்ற மூன்றும் தாக்குபவரின் வேலையைக் கடினமாக்குகின்றன. இதுவோ அவர் உழைத்து எடுக்கும் விடையையே உதவாததாக்குகிறது. பத்து வினாடி முன்பு எடுத்த பட்டியல் இப்போது வேறு யாருடைய பட்டியலோ போல் ஆகிவிட்டால், அதை வைத்து நாளைக்கு எப்படி அடையாளம் காண்பது? இந்தத் திருத்தங்களுக்கு விலையும் உண்டு. இரண்டு எண்ணாகத் தாண்டிக்கொண்டிருந்தபோது ஒரே போர்ட் திரும்பி வர 14,116 இணைப்புகள் ஆகும். இரைச்சல் சேர்த்த பிறகு, மிக மோசமான நிலையில் 1764 இணைப்புகளிலேயே திரும்பி வரலாம். நொடிக்கு நூற்றுக்கணக்கான இணைப்புகளை ஒரே பின்தள சர்வருக்குப் போடும் ப்ராக்ஸி இயந்திரங்களைப் பராமரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியதில்லை.

இது தனியாக வந்த ஒரு விபத்து அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஐபி பாக்கெட்டின் தலைப்பில் ஐடி என்று 16 பிட் புலம் ஒன்று உண்டு. முன்பு பல கணினிகள் அதை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போயின. அதை வைத்து ஒரு நேட்டுக்குப் பின்னால் எத்தனை கணினிகள் இருக்கின்றன என்று எண்ணிக் காட்டினார் ஸ்டீவன் பெல்லோவின், 2002-இல். பிறகு லினக்ஸ் அதையும் ஹாஷ், 2048 கவுண்டர்கள் என்று மாற்றியது. 2019-இல் அமித் கிளைனும் பென்னி பின்காஸும், அப்போது பார்-இலான் பல்கலைக்கழகத்திலிருந்து, அந்த ஹாஷின் சாவியையே வெளியிலிருந்து கணக்கிட்டு எடுத்துக் காட்டினார்கள். விண்டோஸிலும் அதன் சொந்த வகையில் இதே பலவீனம் இருந்தது. லினக்ஸுக்கு சிவிஇ-2019-10638, விண்டோஸுக்கு சிவிஇ-2019-0688. இரண்டும் திருத்தப்பட்டன. அடுத்த ஆண்டே, லினக்ஸின் எளிய சீரற்ற எண் உருவாக்கியில் கிளைன் கண்ட பலவீனம் சிவிஇ-2020-16166 ஆனது. புலம் வேறு, ஆண்டு வேறு. ஆனால் அமைப்பு ஒன்றே. நீண்ட நேரம் மாறாத ஒரு ரகசியம், அதன் நிழல் விழும் ஒரு சிறிய அட்டவணை, அந்த அட்டவணையின் அசைவு தெரியும்படி வெளியே போகும் ஓர் எண். இந்த மூன்றும் எங்கே கூடினாலும் அங்கே ஓர் அடையாளம் பிறக்கும். ‘சீரற்ற எண்கள் போதவில்லை’ என்று பலர் இதை விளக்குகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். நீங்கள் கேட்ட 2022 பிழையில் பயன்பட்ட ஹாஷ் நல்ல ஹாஷ்தான். சாவியும் நல்ல சாவிதான். யாரும் அதை உடைக்கவில்லை. உடைக்கத் தேவையே ஏற்படவில்லை.

இதுவரை எழுதியதில் வழிமுறை, திருத்தம், எண்கள் ஆகியவை உறுதியானவை. நிரலையும் வெளியிட்ட ஆய்வையும் எவரும் படித்துச் சரிபார்க்கலாம். உறுதியற்ற பகுதிகளையும் பிரித்துச் சொல்கிறேன். விளம்பர நிறுவனம் ஏதாவது இதை உங்கள்மீது பயன்படுத்தியிருக்குமா என்பது ஊகம்தான். ஒரு பயனரை அடையாளம் காண ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் குறுகிய நேரத்தில் போட வேண்டியிருப்பதால், மலிவான வழிகள் இருக்கும்போது அவர்கள் இதை நாடுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு குறிப்பிட்ட நபரைத் தொடர விரும்பும் வலுவான அமைப்புக்கு அந்தச் செலவு பெரிதல்ல. அங்கே என் கணிப்பு செல்லுபடியாகாது. நடந்ததா இல்லையா என்று இப்போது உங்கள் லேப்டாப்பைத் திறந்து பார்க்கவும் வழியில்லை: கர்னல் தான் கொடுத்த போர்ட் எண்களை எங்கும் எழுதிவைப்பதில்லை. ஆண்ட்ராய்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் அடியில் இருப்பது லினக்ஸ் கர்னலே. ஆனால் ஆராய்ச்சியாளர்கள் தங்கள் சோதனை ஃபோனில் புதிய வழிமுறையைத் தாங்களே சேர்த்துப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆக, அன்று கடையில் விற்ற ஃபோன்கள் எல்லாம் இந்தப் பிழையோடு இருந்தன என்று அந்தச் சோதனையிலிருந்து முடிவு கட்டக் கூடாது.

இந்த அடையாளம் உங்கள் பெயரைச் சொல்லாது. எந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பதையும் சொல்லாது. ‘அதே கர்னல் மறுபடியும் வந்திருக்கிறது’ என்பதை மட்டும் சொல்லும். ஆபத்து அந்தத் தொடர்பில் இருக்கிறது: காலையில் சொந்தக் கணக்கில் நுழைந்து பார்த்த தளத்தை, மாலையில் பிரைவேட் விண்டோவில் பெயர் சொல்லாமல் பார்த்தால், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடலாம். உங்கள் முன்னெச்சரிக்கைகள் வீணா என்று கேட்டதற்கும் இதுவே பதில். பிரைவேட் விண்டோ உருவாக்கப்பட்டது அதே கணினியைப் பயன்படுத்தும் வீட்டாரிடமிருந்து மறைக்க. வலைத்தளத்திடமிருந்து மறைக்க அல்ல. குக்கி அழிப்பது குக்கியை வைத்துத் தொடர்பவர்களைத் தடுக்கும்; தொடர்பவர்களில் மிகப் பெரும்பான்மையினர் அவர்கள்தான். எனவே அவற்றை நிறுத்த வேண்டாம்.

செய்ய வேண்டியது எளிது. டெர்மினலில் யூநேம் கட்டளையை (uname -r) கொடுத்துக் கர்னல் எண்ணைப் பாருங்கள். 5.17.9 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் என்றால் இந்தப் பிழை இல்லை. அதைவிடப் பழைய எண் தெரிந்தால் உடனே பதற வேண்டாம்: உபுண்டு, டெபியன், ரெட் ஹாட் போன்றவை பழைய எண்ணை வைத்துக்கொண்டே பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் உள்ளே சேர்ப்பது வழக்கம். அந்த விநியோகத்தின் பாதுகாப்பு அறிவிப்புப் பக்கத்தில் மேலே கொடுத்த சிவிஇ எண்ணைத் தேடினால், எந்தப் பதிப்பில் சேர்த்தார்கள் என்று தெளிவாக இருக்கும். அவ்வப்போது அப்டேட் செய்கிறவர் என்றால் இந்தத் திருத்தம் உங்கள் டிஸ்கில் எப்போதோ வந்து சேர்ந்திருக்கும்.

டிஸ்கில் என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய அந்த வரிக்கு இங்கேதான் வருகிறேன். புதிய கர்னல் டிஸ்கில் நிறுவப்பட்டாலும், ரீஸ்டார்ட் செய்யும் வரை நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது பழைய கர்னல்தான். லேப்டாப்பை மூடுவது அதை உறங்க வைக்கிறது. திறக்கும்போது அதே கர்னல், அதே அட்டவணை, அதே சாவியோடு விட்ட இடத்திலிருந்து எழுகிறது. டிஸ்கில் எழுதிவைத்து அணையும் ஹைபர்னேட் முறையிலும் நினைவகம் அப்படியே திரும்ப ஏற்றப்படுவதால் நிலைமை மாறாது. ரீஸ்டார்ட் மட்டுமே பழைய நிரலையும் பழைய சாவியையும் ஒருசேர வெளியேற்றும். அமைப்பை முழுதாக அழித்து மறுபடியும் நிறுவ வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், தேவையே இல்லை. டெர்மினலில் அப்டைம் என்ற கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் செய்தீர்கள் என்று தெரியும். நாள் கணக்கு மூன்று இலக்கத்தில் இருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள்.